பள்ளியின் முதல் மணியைத் தள்ளிவைக்கலாமா? நான்கு வழிகள், நான்கு விலைகள்

காலை ஏழரைக்குப் பள்ளி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எழுப்புவதற்குள் வீடே ரெண்டுபடுகிறது. நேரத்தை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாமா, இல்லை இது வீட்டில் சரிசெய்ய வேண்டிய சங்கதியா என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஆசிரியர்களின் கேள்வி வேறு: முதல் பாடவேளையில் பாதி வகுப்பு தூங்கி வழிகிறது, கணக்கை மூன்றாம் பாடவேளைக்கு மாற்றினால் போதுமா? நிர்வாகமோ பஸ், ஊழியர், மைதானம் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கோப்பை மூடிவைக்கிறது.

கையில் இருக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கில் அடங்கிவிடும். மணியைத் தொடாமல் பிள்ளைகளின் பழக்கத்தை மாற்றுவது. மேல்வகுப்புகளுக்கு மணியைத் தள்ளுவது. சிறுவர்களை முன்னாலும் பெரியவர்களைப் பின்னாலும் வரச் சொல்லி இடம் மாற்றுவது. முதல் பாடவேளையை மட்டும் விருப்பத்துக்கு விடுவது. எது சரி என்பது, பிள்ளைகள் இரவில் எதனால் விழித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதைக் கேட்காமல் மணியைத் தள்ளிவிட்டு, பிறகு "தூக்கமே கூடவில்லையே" என்று குழம்பிய பள்ளிகள் இருக்கின்றன.

## உடம்பு போடும் கணக்கு

13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் தந்த பரிந்துரை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம். சிக்கல் தேவையின் அளவில் இல்லை, அது எந்த நேரத்தில் விழுகிறது என்பதில் இருக்கிறது.

பருவமடையும் காலத்தில் உடலின் உள் கடிகாரம் பின்னால் நகர்கிறது. இருட்டியதும் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்கிற மெலட்டோனின் என்ற ஹார்மோன், சிறு வயதில் சுரந்ததைவிடத் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. நாள் முழுக்க விழித்திருப்பதால் ஏறுகிற தூக்கச் சுமையும் இந்த வயதில் மெதுவாகவே ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து, இரவு பதினொன்றுக்கு முன் தூக்கம் வராத உடம்பு ஒன்றைத் தருகின்றன. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் உடம்பு மிகக் கூர்மையாக விழித்திருக்கும் நேரம் என்பது இன்னொரு தொல்லை. "ஒன்பதுக்கே படுத்துக்கோ" என்று விளக்கை அணைத்தால் பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது பிடிவாதத்தால் அல்ல.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஒன்பதாம் வகுப்பில் 8:25-க்குப் பள்ளி போன மாணவர்கள் பத்தாம் வகுப்பில் 7:20-க்குப் போக வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் வந்த மணிக்கு ஈடாக அவர்கள் முன்னதாகத் தூங்கவில்லை. தூக்கம்தான் குறைந்தது. கனவுத் தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் வருவதால், அலாரம் முதலில் வெட்டுவது அதைத்தான்.

இந்தப் பின்னணியில்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2014-ல், நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், கூடுகிற தூக்க நிமிடம். தள்ளிய நிமிடத்தையும் கூடிய நிமிடத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்த விவாதத்தில் அதிகம் நடக்கும் தவறு. இரண்டாவது, ஒரு வருடம் கழித்தும் அது நிற்குமா என்பது. மூன்றாவது, செலவு யார் தலையில் விழுகிறது: பள்ளியின் கணக்கிலா, காலை ஏழுக்கே வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் தலையிலா, தம்பி தங்கைகள் தலையிலா? நான்காவது, சரிப்படாவிட்டால் திரும்பிப் போக முடியுமா என்பது.

மதிப்பெண் கூடுமா என்பதை நான் அளவுகோலாக வைக்கவில்லை. சில இடங்களில் கூடியிருக்கிறது, சில இடங்களில் அசையவில்லை. மதிப்பெண்ணைக் காட்டி விற்ற மாற்றம், மறு வருடம் மதிப்பெண் ஏறாவிட்டால் செத்துப்போகும். தூக்கம் உடல்நலத்துக்காக வேண்டியது, அந்தக் காரணம் ஒன்றே போதும்.

அளந்து பார்த்த சில இடங்கள்:

| இடம் | மாற்றம் | தூக்கத்தில் கிடைத்தது |
|---|---|---|
| சியாட்டில், அமெரிக்கா, 2016 | 7:50-லிருந்து 8:45 | நாளுக்கு 34 நிமிடம் (மணிக்கட்டுக் கருவி அளவு) |
| சிங்கப்பூர், நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, 2016 | 7:30-லிருந்து 8:15 | படுக்கையில் 23 நிமிடம் கூடுதல். 9 மாதம் கழித்து உண்மையான தூக்கம் 10 நிமிடம் கூடுதல் |
| செரி கிரீக், கொலராடோ, அமெரிக்கா, 2017 | மேல்நிலைக்கு 7:10-லிருந்து 8:20 | ஏறத்தாழ முக்கால் மணி (மாணவர்கள் சொன்ன கணக்கு) |
| ஆல்ஸ்டார்ஃப், ஜெர்மனி | 8 மணியா 9-ஐ ஒட்டியா என்பது மாணவர் விருப்பம் | தாமதமாக வந்த நாட்களில் சுமார் ஒரு மணி நேரம் |

சியாட்டிலையும் சிங்கப்பூரையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒன்றில் 55 நிமிடம் தள்ளி 34 கிடைத்தது. மற்றதில் 45 தள்ளி, கடைசியில் தூக்கமாக நின்றது 10. சிங்கப்பூர் மாணவிகள் சுமார் 32 நிமிடம் தாமதமாக எழுந்தார்கள், 9 நிமிடம் தாமதமாகப் படுத்தார்கள். பாடச் சுமை கடுமையாக இருக்கும் இடத்தில், கிடைத்த நேரம் முழுக்கத் தூக்கத்துக்கே போகும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

## வழி 1: மணியைத் தொடாமல் பழக்கத்தை மாற்றுவது

செலவு மிகக் குறைவு. நிர்வாகங்கள் இதை விரும்புவதற்குக் காரணமும் அதுதான். தூக்கம் பற்றி இரண்டு வகுப்பு எடுத்து, பெற்றோருக்கு ஒரு துண்டறிக்கை கொடுத்தால் முடிந்தது.

பள்ளிகளில் நடத்தப்பட்ட தூக்கக் கல்வித் திட்டங்களில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒன்று: பிள்ளைகளுக்குத் தூக்கம் பற்றிய அறிவு கூடுகிறது, தூக்கம் அவ்வளவாகக் கூடுவதில்லை. கூடினாலும் சில மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. உடம்பின் கடிகாரத்தோடு மோதுகிற எந்த அறிவுரைக்கும் இதுதான் கதி.

ஆனாலும் தள்ளிவிட வேண்டிய வழி இல்லை. இரவில் கண்ணுக்கு நேரே எரியும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளும், காலை வெயில் அதை முன்னால் இழுக்கும். விடுமுறை நாளில் பகல் பன்னிரண்டு வரை தூங்கினால் அந்தக் காலை வெளிச்சம் கிடைக்காமல் போய், ஞாயிறு இரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். எனவே விடுமுறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் எழுவதும், எழுந்ததும் வெளியே வந்து நிற்பதும், இரவு போனைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும் பயன் தரும்.

இதன் மறைவிலை, பழி பிள்ளைமேல் விழுவது. "சொல்லிக்கொடுத்தாயிற்று, இனி உன் பாடு" என்று பள்ளி கைகழுவிக்கொள்ள இது வசதியான வழி. ஏற்கெனவே 8:30 அல்லது அதற்குப் பின் தொடங்கும் பள்ளிக்கு இது சரியான வழி. அங்கே மணியை மேலும் தள்ளுவதில் ஆதாயம் குறைவு. 7:30-க்குத் தொடங்கும் மேல்நிலைப் பள்ளிக்கு இது மட்டுமே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

## வழி 2: மேல்வகுப்புகளுக்கு மணியைத் தள்ளுவது

ஆதாரம் மிகுந்த வழி இதுதான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஈடைனா நகரம் 1996-ல் 7:20-லிருந்து 8:30-க்கு மாறியது, அடுத்த ஆண்டே மினியாபொலிஸ் 7:15-லிருந்து 8:40-க்குப் போனது. அங்கே தொடங்கிய ஆய்வுகள் கால் நூற்றாண்டாகத் தொடர்கின்றன. "நேரம் கொடுத்தால் பிள்ளைகள் அந்த அளவுக்கு லேட்டாகப் படுப்பார்கள், அவ்வளவுதான்" என்பது எல்லாக் கூட்டத்திலும் எழும் வாதம். சியாட்டில் கணக்கு அதற்கு நல்ல பதில். தள்ளிய 55 நிமிடத்தில் பாதிக்கு மேல் தூக்கமாகவே நின்றது. அதே ஆய்வில், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகையும் நேரம் தவறாமையும் மேம்பட்டன. காலையில் பிள்ளையைக் காரில் கொண்டுபோய் விட ஆள் இல்லாத வீடுகளுக்கு இந்த மாற்றம் கூடுதலாக உதவுவது இயல்பே.

வண்டி ஓட்டும் வயது வந்த மாணவர்கள் இருக்கும் இடங்களில் இன்னொரு கணக்கும் சேரும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து டீட்டன் கவுண்டியில் 7:35-லிருந்து 8:55-க்கு மாறிய பிறகு, அந்த வயதினர் மோதிய கார் விபத்துகள் 70 சதவீதம் குறைந்ததாக மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வு பதிவு செய்தது. சிறிய ஊர் என்பதால் அந்த எண்ணை அப்படியே எல்லா ஊருக்கும் பெருக்கிவிடக் கூடாது. ஆனாலும் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவது ஆபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

சரி, விலை என்ன?

வெளியே தெரிவது பஸ். ஒரே வண்டி காலையில் இரண்டு மூன்று நடை அடிக்கிற ஏற்பாட்டில், ஒரு நடையைத் தள்ளினால் மற்றதும் நகரும். கூடுதல் வண்டி, கூடுதல் ஓட்டுநர் என்று கணக்கு வீங்கும். ஃப்ளோரிடாவில் 2023-ல் மேல்நிலைப் பள்ளிகள் 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கு வர வேண்டியது 2026-ல். செலவையும் ஓட்டுநர் பற்றாக்குறையையும் பள்ளி மாவட்டங்கள் எடுத்துச் சொல்ல, 2025-லேயே அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2019-ல் கையெழுத்தான இதே போன்ற சட்டம் 2022 ஜூலையில் அமலுக்கு வந்து நிற்கிறது. கிராமப்புறப் பள்ளி மாவட்டங்களுக்கு அங்கே விலக்கு உண்டு. நீண்ட அவகாசமும் விலக்கும் அந்தச் சட்டம் பிழைத்ததற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

வெளியே தெரியாத விலைகள்தான் பெரிய தொல்லை. பள்ளி முடியும் நேரமும் பின்னால் போகும். விளையாட்டுப் பயிற்சி இருட்டிலே முடியும், டியூஷன் இன்னும் பின்னால் போகும், வீட்டுப்பாடம் பதினொன்றுக்குத் தொடங்கும். காலையில் கொடுத்த முக்கால் மணியை மாலை திருப்பி வாங்கிக்கொள்ளும். காலையிலேயே ஒரு பங்கு போய்விடுவதும் உண்டு: மணி 8:30 என்று பலகையில் இருக்கும், ஆனால் "சிறப்பு வகுப்பு" 7:15-க்கு. பலகையில் மட்டும் மாறிய நேரம் எந்தப் பிள்ளையையும் கூடுதலாகத் தூங்கவைக்காது. சிறு குழந்தைகள் வைத்திருக்கும் ஆசிரியர்களின் மாலையும் இதில் அடிபடும். கூட்டங்களில் அவர்கள் இதை வாய்விட்டுச் சொல்வது குறைவு. வெயில் கடுமையான இடங்களில், உச்சிப் பொழுதுக்கு முன் வீடு சேர்வதற்காகவே பள்ளியைச் சீக்கிரம் வைத்திருப்பார்கள். அங்கே மணியைத் தள்ளுவது என்றால் மதிய வெயிலையும் சேர்த்து வாங்குவது.

பிள்ளைகள் பத்து மணிக்கே கையில் வேலை இல்லாமல் இருந்தும் தூக்கம் வராமல் கிடந்தால், தடுப்பது உடம்பின் கடிகாரம். அந்த மாணவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அரை மணிக்குக் குறையாமல் தள்ள வேண்டும், முடிந்தால் முக்கால் மணி. மாலை அட்டவணையை அதே தீர்மானத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும்: எந்தச் சிறப்பு வகுப்பும் முதல் மணிக்கு முன் இல்லை, வீட்டுப்பாடத்துக்கு உச்சவரம்பு உண்டு. இந்த இரண்டு வரி இல்லாத தீர்மானத்துக்கு நான் கைதூக்க மாட்டேன்.

பிள்ளைகள் பன்னிரண்டு வரை விழித்திருப்பது பாடச் சுமையால் என்றால், மணியைத் தள்ளுவதற்கு முன் சுமையைக் குறையுங்கள். அதைத் தொடாமல் மணியை மட்டும் தள்ளினால் சிங்கப்பூர்க் கணக்கு போலப் பத்து நிமிடம்தான் மிஞ்சக்கூடும்.

## வழி 3: சிறுவர் முன்னால், பெரியவர் பின்னால்

பல இடங்களில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்கும் பதினாறு வயதுப் பிள்ளை ஏழரைக்கும் பள்ளி போகிறார்கள். உடம்பின் கணக்கில் இது தலைகீழ். சிறு பிள்ளைகள் விடிந்ததும் தானாக எழுந்துவிடுவார்கள், எட்டரைக்கெல்லாம் தூங்கியும் விடுவார்கள். ஆக இரண்டு நேரத்தையும் இடம் மாற்றிவிட்டால் பஸ் எண்ணிக்கையும் கூடாது, தூக்கமும் கிடைக்கும்.

செரி கிரீக் செய்தது இதைத்தான். தொடக்கப் பள்ளியை 9-லிருந்து 8-க்கு முன்னால் கொண்டுவந்து, மேல்நிலையைப் பின்னால் தள்ளினார்கள். பெரியவர்களுக்கு முக்கால் மணி கூடியது, நடுநிலை மாணவர்களுக்கு அரை மணியை ஒட்டி. சிறுவர்கள் இழந்தது பத்து நிமிடத்தை ஒட்டித்தான். கொள்கை அளவில் இவ்வளவு லாபமான பேரம் வேறில்லை.

ஆனால் பெற்றோர் மனநிலையில் இது வெடிமருந்து. பாஸ்டன் நகரம் 2017 டிசம்பரில், பஸ் வழித்தடங்களையும் பள்ளி நேரங்களையும் கணினி நிரல் வைத்துத் திருத்தி அமைத்து அறிவித்தது. பல தொடக்கப் பள்ளிகள் ஏழரையை ஒட்டியே தொடங்கும் என்று வந்தது. பெற்றோர் கொந்தளித்தார்கள், அதே மாதத்தில் திட்டம் திரும்பப் பெறப்பட்டது. கணக்கு தப்பு என்று அவர்கள் சொல்லவில்லை. சிறு பிள்ளை பிற்பகல் ஒன்றரைக்கே வீடு திரும்பினால் பார்த்துக்கொள்ள யார், இருட்டில் பஸ் நிறுத்தத்தில் ஐந்து வயதுக் குழந்தை நிற்பதா என்பவைதான் அவர்கள் கேள்விகள். நியாயமான கேள்விகள். பள்ளி முடிந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பாக இருக்கும் வீடுகளில் அந்த ஏற்பாடும் குலையும்.

மகாராஷ்டிர அரசு எதிர்த்திசையில் போனது. நான்காம் வகுப்பு வரையிலான வகுப்புகள் காலை 9-க்கு முன் தொடங்கக் கூடாது என்று 2024-ல் உத்தரவிட்டது. பிஞ்சுகளை அதிகாலையில் எழுப்பக் கூடாது என்ற அக்கறை புரிகிறது. ஆனால் உடல் கடிகாரத்தின் இடி விழுவது அவர்களுடைய அண்ணன் அக்காமார்மேல். சீக்கிரம் தூங்க முடிகிற வயதுக்கு நேரத்தைக் கொடுத்துவிட்டு, முடியாத வயதை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சிறுவர்களுக்கு 8-க்கு முன் மணி அடிக்காது என்ற உறுதியும், பள்ளி முடிந்த பின் அவர்களை வைத்துக்கொள்ள ஏற்பாடும் இருந்தால் இந்த வழியை எடுக்கலாம். ஒரே கட்டடத்தில் காலை, மதியம் என்று இரண்டு ஷிஃப்ட் நடக்கும் பள்ளிகளுக்கு இன்னும் எளிது: பெரிய வகுப்புகள் காலை ஷிஃப்டில் இருந்தால் மதியத்துக்கு மாற்றுவதற்கு வண்டியும் வேண்டாம், கட்டடமும் வேண்டாம்.

## வழி 4: முதல் பாடவேளையை விருப்பத்துக்கு விடுவது

ஜெர்மனியின் ஆல்ஸ்டார்ஃப் பள்ளியில் மாணவர்கள் எட்டு மணிக்கே வந்து தானாகப் படிக்கலாம், அல்லது ஒரு பாடவேளை தாமதமாக வரலாம். விட்ட நேரத்தை வாரத்துக்குள் இடையில் கிடைக்கும் ஓய்வு வேளைகளில் ஈடுகட்டிவிட வேண்டும். தாமதமாக வந்த நாட்களில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். ஆனால் அந்த வாய்ப்பைப் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொண்டது வாரத்துக்கு இரண்டு நாள் அளவுக்குத்தான். நண்பர்களோடு சேர்ந்து வர வேண்டும், மதியம் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் காரணங்கள் உண்டு.

இதன் பெரிய நன்மை, சரிப்படாவிட்டால் அடுத்த பருவத்திலேயே நிறுத்திவிடலாம் என்பது. மற்ற மூன்றில் இரண்டு வழிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. காலையில் சீக்கிரம் வேலைக்குப் போகும் பெற்றோர், பிள்ளையைப் பழைய நேரத்துக்கே விட்டுவிட்டுப் போகலாம். மறைவிலை, அந்த ஒரு மணி நேரத்துக்கு மேற்பார்வை ஆசிரியர் வேண்டும், தானாகப் படிக்கும் பழக்கமும் பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் வேண்டும். பஸ் ஒன்றே ஒன்று வரும் பள்ளியில் விருப்பம் என்பது பெயரளவுக்குத்தான்: சொந்த வண்டி இருக்கும் வீட்டுப் பிள்ளை தூங்கும், பஸ்ஸில் வரும் பிள்ளை வழக்கம்போல எட்டுக்கு வந்து உட்காரும். நடந்தும் சைக்கிளிலும் வரக்கூடிய தூரத்தில் மாணவர்கள் இருக்கும் பள்ளிக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

## பதினைந்து நிமிடம் போதாதா?

ஹாங்காங்கில் 15 நிமிடம் தள்ளிப் பார்த்த ஆய்வில் நேரம் தவறாமையும் மனநிலையும் மேம்பட்டன, தூக்கம் கொஞ்சமே கூடியது. பஸ்ஸை மாற்றாமல் செய்ய முடிந்தால் செய்யலாம், கெடுதல் ஒன்றுமில்லை. அதைச் செய்துவிட்டு "நேரத்தை மாற்றிவிட்டோம்" என்று கோப்பை மூடுவதுதான் கெடுதல். கணக்குப் பாடத்தை மூன்றாம் வேளைக்கு மாற்றுவதும் இதே வகை: முதல் வேளையில் வீணாகிற பாடம் தப்பும், இழந்த தூக்கம் திரும்பாது.

## முடிவெடுக்கும் முன் இரண்டு வாரம்

மாணவர்களிடம் பெயர் எழுதாத ஒரு தாளைக் கொடுத்து, பள்ளி நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் மூன்று நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: கடைசி வேலை (பாடம், டியூஷன், வீட்டு வேலை) முடிந்த நேரம், விளக்கை அணைத்த நேரம், எழுந்த நேரம். வேலை முடிந்ததற்கும் விளக்கை அணைத்ததற்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் தடுப்பது சுமை. இடைவெளி நீளமாக இருந்தால் அது கடிகாரமாகவும் இருக்கலாம், போனாகவும் இருக்கலாம். பிரித்தறிய விடுமுறையைப் பாருங்கள்: இரண்டாம் வாரத்து விடுமுறையிலும் இரவு பன்னிரண்டுக்குப் படுத்துக் காலை ஒன்பதுக்கு எழுகிறார்கள் என்றால் கடிகாரத்தின் பங்கு பெரிது. பரீட்சை வாரத்திலும் நீண்ட விடுமுறை முடிந்த முதல் வாரத்திலும் இதை எடுக்க வேண்டாம், இரண்டும் கணக்கைக் கோணலாக்கும்.

அதே தாளின் பின்பக்கத்தில் பெற்றோருக்கு ஒரே ஒரு கேள்வி: முதல் மணி முக்கால் மணி தள்ளிப்போனால் காலையில் பிள்ளையுடன் வீட்டில் யார் இருப்பார்கள்? "யாரும் இல்லை" என்று எழுதியவர்களுக்காகப் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையையும் ஓர் ஆசிரியரையும் பழைய நேரத்துக்கே திறந்து வைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அந்தத் தொகையோடு கூட்டத்துக்குப் போங்கள்.